மிலிட்டரி மாமாவின் விண்ணப்பம்

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)

மலருக்கு டெக்னிக்கலாக ஏதாவது எழுது என்றார்கள். நான் எழுதப்போவது ஒரு விண்ணப்பத்தைப் பற்றி. சிரிக்க வேண்டாம் நண்பர்களே, இதிலும் கொஞ்சம் ஒர்க்‌ஷாப் வருகிறது.

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு முதல் பேங்க் செலான் வரை எல்லா ஃபாரமும் நிரப்புவது நான்தான். அதனால் தெருவுக்கும் நானே. அப்படித்தான் மிலிட்டரி மாமா என்னிடம் வந்தார். இராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வெஹிக்கிள் மெக்கானிக்காக 17 வருஷம் வேலை பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வயது 36. சர்வீஸில் இருந்தபடியே தபால் வழியில் பி.காம். முடித்து 54 சதவீதம் வாங்கியிருந்தார். எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டுப் போன வருஷம் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வோடு சரி, இடம் கிடைக்கவில்லை. "எங்கே தப்புன்னு பாருடா தம்பி" என்று பழைய விண்ணப்பத்தின் நகலை நீட்டினார்.

தகுதியில் தப்பு இல்லை. அதில் பலர் ஏமாறுவார்கள் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். பத்தாவது தேறி, 15 வருஷத்துக்குக் குறையாமல் படையில் இருந்தவரை, மத்திய அரசின் குரூப் சி வேலைகள் பலவற்றுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வேலைக்குத்தான். எம்.பி.ஏ. சேர அதைக் காட்ட முடியாது. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு எழுதப் பொதுப்பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். வயது உச்சவரம்பு கிடையாது. ஓய்வுபெறும் அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் சுமார் ஆறு மாத மேலாண்மைப் பயிற்சி நடக்கிறது. அதுவும் சான்றிதழ்தான், எம்.பி.ஏ. அல்ல.

ஆகவே தப்பு காகிதத்தில்தான் இருந்தது. பணி அனுபவம் என்ற கட்டத்தில் மாமா எழுதியிருந்தது இது: "என்.சி.ஓ. இன்சார்ஜ், எல்.ஏ.டி., பி வெஹிக்கிள், வி.ஓ.ஆர். குறைப்பு." எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கே புரியாதபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்கு எப்படிப் புரியும்?

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்.ஏ.டி. என்பது ஒரு படைப்பிரிவோடு கூடவே போகும் சின்ன ரிப்பேர் குழு. பி வெஹிக்கிள் என்றால் டாங்கி இல்லாத லாரி, ஜீப் வகைகள். வி.ஓ.ஆர். என்றால் ரோட்டில் இறங்க முடியாமல் நிற்கிற வண்டி. "எத்தனை நின்னுச்சு மாமா?" என்றேன். "சுமார் நாற்பதுல ஒம்போது நிக்கும். நான் கிளம்பும்போது மூணு." இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "அது நம்ம டியூட்டிடா, அதைப் போய்ப் பெருமையா எழுதுவாங்களா?" என்கிறார். பட்டாளத்தில் 'நான்' என்று சொல்லிப் பழக்கமில்லை போலும். விண்ணப்பத்திலோ 'நான்' வேண்டும், எண்ணும் வேண்டும்.

எப்படிக் குறைந்தது என்று தோண்டியபோதுதான் விஷயம் வந்தது. பெரிய கோளாறால் நின்ற வண்டிகள் கொஞ்சமே. ஃபேன் பெல்ட், ஆயில் சீல் போன்ற சின்ன சாமான் ஸ்டோரில் தீர்ந்துபோய்த்தான் பாதிக்கு மேல் நின்றிருக்கின்றன. தீர்ந்த பிறகு இண்டென்ட் போட்டால் வருவதற்கு வாரக்கணக்காகும். எந்தப் பார்ட் எந்த மாதம் எத்தனை போகிறது என்று ஒரு நோட்டுப் போட்டு, தீருமுன் இண்டென்ட் அனுப்பினார்கள். நம் இன்வென்ட்டரி கன்ட்ரோல் பாடத்தில் ரீஆர்டர் லெவல் என்று படிக்கிறோமே, அதேதான்! இந்த யோசனையைச் சொன்னது மாமாகூட இல்லை, அவருக்குக் கீழே இருந்த ஒரு கிராஃப்ட்ஸ்மேன்.

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் போன வருஷ நேர்முகத்தில், "உங்களுக்குக் கீழே இருப்பவர் மாற்றுக் கருத்துச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டதற்கு மாமா சொன்ன பதில், "ஆர்டர்னா ஆர்டர்தான் சார்." பட்டாளத்துக்காரருக்கு அதட்டத்தான் தெரியும் என்பது வெளியே பலருக்கு இருக்கும் எண்ணம். அதை மாற்றும் சம்பவம் கையில் இருந்தும், எதிரான பதிலைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் எம்.பி.ஏ.?" என்ற கேள்விக்கு முன்பு "நல்ல எதிர்காலத்திற்காக" என்று எழுதியிருந்தார். உண்மையில் அவர் மனசில் இருப்பது வேறு. எங்கள் ஊர்ப்பக்கம் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் இராத்திரி பகலாக லாரி ஓடுகிறது. ஐந்து, பத்து லாரி வைத்திருப்பவர்களிடம் மாதக் கட்டணத்துக்குப் பராமரிப்பை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது திட்டம். இஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரியும். கட்டணம் எப்படி வைப்பது, கடனுக்கு வேலை செய்தால் எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியாது. இதையே அப்படியே எழுதச் சொன்னேன்.

சிபாரிசுக் கடிதத்துக்கு டிஸ்சார்ஜ் புக்கில் நடத்தைக் கட்டத்தைக் காட்டினால் போதும் என்றிருந்தார். 'எக்ஸெம்ப்ளரி' என்று போட்டிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த ஒரு சொல் கதை சொல்லாது. அந்த நோட்டைக் கண்ணால் பார்த்த பழைய மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கடிதம் வாங்கினோம். யூனிட் எங்கே இருந்தது, எந்தத் தளவாடம் எத்தனை என்பதையெல்லாம் எதிலும் எழுதவில்லை. மாமா அதில் கறார்.

அமெரிக்காவில் 1944-இல் ஜி.ஐ. பில் சட்டம் வந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கல்லூரிக்குப் போனார்கள். இங்கே 2022-இல் அக்னிபத் வந்திருக்கிறது. நான்கு வருஷம்தான் பணி, அதன்பின் 25 சதவீதம் பேர் வரை நீடிக்கலாம் என்று அறிவித்தார்கள். என்னோடு பத்தாவது படித்தவன் அதில் சேர்ந்திருக்கிறான். 22 வயதில் திரும்பி வரலாம். படைப் பயிற்சியையே பாதி மதிப்பாக ஏற்று இக்னோ மூன்று வருஷப் பட்டம் தருவதாக அந்த வருஷமே அறிவிப்பு வந்தது. அதில் சேர்ந்துகொள், கூடவே ஒரு நோட்டில் செய்த வேலையை எண்ணோடு எழுதிவை என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மாமாவுக்கு அடுத்த மாதம் மறுபடி நேர்முகம். நேற்று இராத்திரி நான் பேராசிரியராக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். கிராஃப்ட்ஸ்மேன் கதையை அருமையாகச் சொன்னார். ஆனால் நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்து பதினொரு தடவை "எஸ் சார்" போட்டார். எண்ணி வைத்திருக்கிறேன்.