முதல் கேள்வி வயது

சிரஞ்சீவி தம்பிக்கு, அநேக ஆசீர்வாதம்.

உன் பள்ளித் தோழன் ஒருவனைப் போலீஸார் இரவில் பிடித்துச் சென்றதாகவும், ஸ்டேஷனில் வயதைக் கேட்டபோது மீசை அரும்பிய கர்வத்தினால் அவன் "பதினெட்டு முடிந்துவிட்டது" என்று சொல்ல, அதையே எழுதிக்கொண்டு விடியும்வரை லாக்கப்பில் வைத்திருந்ததாகவும் எழுதியிருந்தாய். அவன் என்ன செய்தான் என்று நான் கேட்கப் போவதில்லை. வக்கீல் தொழிலில் நாற்பது வருஷம் கழித்தவனுக்கு அது இரண்டாவது கேள்வி.

பதினெட்டு நிரம்பாதவனை 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 'குற்றவாளி' என்று சொல்லக் கூசி, 'சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை' என்று சுற்றி வளைத்துச் சொல்லுகிறது. அந்தக் கூச்சத்தில்தான் உன் தோழனுக்குரிய பாதுகாப்பெல்லாம் அடங்கியிருக்கிறது: அவனை எக்காரணத்தாலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கலாகாது, விலங்கு பூட்டலாகாது, பெற்றோருக்குத் தகவல் சொல்லி, சிறுவர்களுக்கென நியமிக்கப்பட்ட போலீஸ் அதிகாரியின் பொறுப்பில் ஒப்படைத்து, பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலம் எதிலும் அவனிடம் கையெழுத்து வாங்கக் கூடாதென்று விதிகள் சொல்லியிருந்தும், வெற்றுத் தாளை நீட்டும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. நீட்டினால் பேனாவைத் தொடாதிருப்பதே விவேகம். ஜாமீனோ, பெரியவர்களுக்கு எளிதில் கிடைக்காத குற்றங்களிலும்கூடச் சிறுவனுக்குக் கொடுப்பதே பொது விதி. மறுப்பதானால், வெளியே விட்டால் கெட்ட சகவாசத்தில் விழுவான், ஆபத்துக்குள்ளாவான் என்பன போன்ற காரணங்களைக் குழுமம் எழுத்தில் காட்ட வேண்டும்.

இதை நேற்று முளைத்த தயவென்று எண்ணாதே; சிறுவர்களுக்கெனத் தனிச் சட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக, 1920-லேயே, இயற்றியது நம் சென்னை மாகாணம். ஆனால், பதினாறு நிரம்பியவன்மீது கொலை போன்ற கொடிய குற்றம் சாட்டப்பட்டால், குழுமம் அவன் பக்குவத்தை ஆராய்ந்து, பெரியவனைப் போல விசாரிக்கும்படி அனுப்ப இப்போது இடமுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை, என்றாலும் சட்டம் அதுதான்.

வாய் தவறிச் சொன்ன வயது உன் தோழனைக் கட்டிப்போடாது. பள்ளிச் சான்றிதழே முதல் ஆதாரம். அது இல்லாவிடில் நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. தீர்ப்பு முடிந்த பிறகும்கூட இந்த வயது வாதத்தை எழுப்பலாம். ஆகையால் அவன் தகப்பனாரிடம் சான்றிதழை இன்றே தேடி எடுக்கச் சொல். வக்கீலுக்குப் பணமில்லையே என்று அவர் தயங்கினால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் ஒருவரை இலவசமாகவே நியமிப்பார்கள் என்று சொல். நான் வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா