பூஜ்யமும் வெற்றிடமும்

கையிருப்புக் கணக்கு எழுதுவோர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பூஜ்யம் என்பது ஒரு விடை. காலியாக விடப்பட்ட கட்டமோ விடையே அன்று. "எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று கூறுவது பூஜ்யம். எண்ணினார்களா, இல்லையா என்பதையே கூறாதது வெற்றிடம். மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்ப்பவர், மழை பெய்யாத நாளிலும் 0 என்று குறிப்பது இதனாலேயே ஆகும்.

காகிதப் பேரேட்டில் ஐயம் எழுந்தால் எழுதியவரைக் கேட்டுத் தெளியலாம். கணிப்பொறியோ எவரையும் கேட்பதில்லை. தனக்குரிய விதிப்படி கணக்கை முடித்துவிடுகிறது. ஆகவே உரம், விதை முதலியவற்றின் தேவையைக் கணிப்பொறியின் துணைகொண்டு திட்டமிடும் இக்காலத்தில் இவ்வேறுபாடு மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு 120 மூட்டை யூரியா தேவை. கிடங்கில் 70 மூட்டை இருக்கிறது. இருப்புக் கட்டம் நிரப்பப்படவில்லை. எக்செல் அட்டவணையில் கழித்தல் செய்யும்பொழுது வெற்றிடம் பூஜ்யமாகவே கொள்ளப்படும். எனவே 50 மூட்டைக்குப் பதிலாக 120 மூட்டை வேண்டும் என்று விடை வரும். மிகுதியாக வந்த யூரியா ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபடும். சங்கத்தின் பணமும் முடங்கும்.

அதே அட்டவணையில் சராசரி காணுங்கால் நிலைமை மாறுகிறது. நான்கு கிராமங்களின் விற்பனை 40, 20, 0, வெற்றிடம் என்று இருப்பின், வெற்றிடம் கணக்கில் சேராது. 60-ஐ மூன்றால் வகுத்து 20 என்று விடை வரும். அவ்விடத்தில் பூஜ்யம் இட்டிருந்தால் 15 என்றே வரும். சில திட்ட மென்பொருள்களில், காப்பு இருப்புக் கட்டத்தைக் காலியாக விட்டால் பொதுவாகக் குறித்துவைத்த அளவு எடுத்துக்கொள்ளப்படும். பூஜ்யம் இட்டால் காப்பு இருப்பே வேண்டாம் என்று பொருள்படும்.

பூஜ்யத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வாரந்தோறும் 30 மூட்டை விற்ற சங்கத்தில் சரக்குத் தீர்ந்து, அடுத்த இரண்டு வாரம் விற்பனை பூஜ்யமாயிற்று என்க. 30, 30, 0, 0 என்ற நான்கு வாரச் சராசரி 15 ஆகும். தேவை பாதியாகக் குறைந்துவிட்டதென்று கணிப்பொறி முடிவு செய்யும். உண்மையில் குறைந்தது சரக்கே அன்றித் தேவை அன்று. இப்பிழையின் பயனாய், நெல்லுக்கு மேலுரம் இடவேண்டிய தருணத்தில் உழவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. எண்ணிப் பார்த்து இல்லையெனக் கண்டால் மட்டுமே 0 இடுக.

2. விவரம் வரவில்லையெனில் பூஜ்யத்தால் நிரப்பாது, காரணத்தைத் தனிப் பத்தியில் குறித்திடுக.

3. சரக்கு இல்லாத நாள்களைத் தனியே குறித்து, சராசரியினின்று நீக்குக.

4. தேவைப் பட்டியலை அனுப்புமுன் வெற்றிடங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, உரியவரைக் கேட்டு நிரப்புக.

கணக்கு ஆராயப்படும் கூட்டங்களில் "இந்தப் பூஜ்யம் எண்ணிப் பார்த்து இட்டதா?" என்று உறுப்பினர்கள் வினவுவார்களாக. அவ்வொரு வினா, உரிய காலத்தில் உரிய அளவு உரம் வயலை அடைய வழிசெய்யும்.