ரோல்பேக் பண்ணா எல்லாம் சரியாயிடுமா?

வைவாவில் "டெப்ளாய்மென்ட் ஃபெயில் ஆனா என்ன செய்வீங்க?" என்று கேட்டால் நம்மில் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில், "ரோல்பேக் பண்ணிடுவோம் சார்." நேற்று வரைக்கும் ஓடிய வெர்ஷன் இன்றைக்கும் ஓடும் என்ற நம்பிக்கைதான். பல நேரம் ஓடவும் செய்யும். ஓடாத நேரத்தில் என்ன ஆகும் என்பதற்கு, 2012ல் அமெரிக்காவில் நைட் கேபிடல் நிறுவனத்தில் நடந்ததைப் படித்தாலே போதும்.

நைட் கேபிடல் ஒரு பங்கு வர்த்தக நிறுவனம். வரும் ஆர்டர்களைச் சிறு சிறு ஆர்டர்களாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்ப, ஸ்மார்ஸ் என்ற சாஃப்ட்வேர் அவர்களிடம் எட்டு சர்வர்களில் ஓடியது. ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்க இருந்தது. அதற்கான புது கோட் ஜூலை 27லிருந்து ஒவ்வொரு சர்வராக ஏற்றப்பட்டது. ஏழில் ஏறியது, எட்டாவதில் ஏறவில்லை. இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த விதி எதுவும் அங்கே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை.

இதோடு போயிருந்தால் எட்டாவது சர்வரில் புது வசதி வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஆனால் 'பவர் பெக்' என்று ஒரு பழைய வசதி இருந்தது. 2003லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், கோட் மட்டும் நீக்கப்படாமல் அப்படியே கிடந்தது. (நம்ம ரெப்போவுல கமென்ட் போட்டு விட்டு வச்சிருக்கோமே, அதோட பெரிய அண்ணன்னு வச்சுக்கோங்க.) புது வசதியை ஆன் செய்ய, பவர் பெக்கை ஆன் செய்த அதே ஃபிளாகையே மறுபடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஆக, அந்த ஃபிளாகோடு ஒரு ஆர்டர் வந்தால் ஏழு சர்வர்களுக்கு ஒரு அர்த்தம், எட்டாவதுக்கு வேறு அர்த்தம். போதாக்குறைக்கு, 'ஆர்டர் முடிந்துவிட்டது, இனி அனுப்பாதே' என்று நிறுத்தும் பகுதியை 2005லேயே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு பவர் பெக்கை யாரும் டெஸ்ட் செய்து பார்க்கவில்லை. எனவே அது நிற்காமல் ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது.

சந்தை திறந்து சுமார் 45 நிமிடத்தில், வெறும் 212 ஆர்டர்களிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்து முடிந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல்.

அந்த 45 நிமிடத்துக்குள்தான் நம் வைவா பதில் வருகிறது. பிரச்சினை எங்கே என்று புரியாமல், புது கோட்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்து, அது சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். ஃபிளாக் வருவது நிற்கவில்லை. இப்போது எட்டு சர்வர்களும் பவர் பெக்கை ஓட்ட ஆரம்பித்தன. இத்தனைக்கும் அன்று காலை சந்தை திறக்கும் முன்பே, பவர் பெக் பெயரைச் சொல்லும் 97 மின்னஞ்சல்களை அவர்கள் சிஸ்டமே தானாக அனுப்பியிருந்தது. அவற்றை அலெர்ட் என்று நினைத்து யாரும் படிக்கவில்லை.

"அவங்க கையால ஏத்தினாங்க, நம்மகிட்ட பைப்லைன் இருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். பாதி நியாயம். எட்டு சர்வரிலும் ஒரே வெர்ஷன் ஓடுகிறதா என்று பைப்லைன் பார்த்துவிடும். ஆனால் மீதிப் பாதியில், அதே தப்பான ரோல்பேக்கைப் பைப்லைன் இன்னும் வேகமாகச் செய்து முடித்திருக்கும். ரோல்பேக் பின்னால் கொண்டு போவது கோட் ஒன்றைத்தான். ஃபிளாக், டேட்டாபேஸ், க்யூவில் காத்திருக்கும் மெசேஜ் எதுவும் அதோடு திரும்பிப் போவதில்லை.

நம் புராஜெக்ட்களில் இது அடி கொடுக்கும் இடம் டேட்டாபேஸ். மாணவர் டேபிளில் 'ஃபோன்' என்ற காலத்தை 'மொபைல்' என்று பெயர் மாற்றும் மைக்ரேஷனோடு புது வெர்ஷன் போகிறது. லாகின் உடைகிறது. ரோல்பேக் செய்கிறீர்கள். பழைய கோட் 'ஃபோன்' எங்கே என்று தேடும், இருக்காது. இப்போது ரெண்டு வெர்ஷனுமே ஓடாது! இதைத் தவிர்க்க மாற்றத்தைப் பல டெப்ளாய்மென்ட்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் 'மொபைல்' காலத்தைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். பழைய டேட்டாவைக் காப்பி செய்யுங்கள். அடுத்த டெப்ளாய்மென்ட்டில் 'மொபைலை' மட்டும் படியுங்கள். அது சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு 'ஃபோனில்' எழுதுவதை நிறுத்தி, கடைசியில் அதை நீக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் எந்தப் படியிலும் ஒரு படி பின்னால் போக முடியும்.

குபெர்னெட்டிஸ் தானாகவே ரோல்பேக் செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். செய்யாது. ரெடினெஸ் புரோப் வைத்திருந்தால், புது பாட் தயாராகும் வரை டிராஃபிக்கை அதற்கு அனுப்பாது. பழைய பாட்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மாற்றாமல் விட்டால், 600 விநாடி முன்னேற்றம் எதுவும் இல்லையென்றால் அந்த டெப்ளாய்மென்ட் தோற்றதாகக் குறித்து வைக்கும். அதோடு சரி, முடிவு உங்களுடையது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பைப்லைன் 'அப்ளை' கமாண்டோடு முடிந்துவிட்டால், பாட்கள் கிராஷ் ஆகிக்கொண்டிருந்தாலும் பச்சை டிக் விழும். அதனால் அடுத்த ஸ்டெப்பாக 'ரோல்அவுட் ஸ்டேட்டஸ்' கமாண்டைப் போட்டுக் காத்திருக்க வையுங்கள். தோற்றால் அது எர்ரர் கொடுக்கும், பைப்லைனும் சிவப்பாகும். இன்னொன்று, இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று டேக் வைக்காதீர்கள். 'ரோல்அவுட் அண்டூ' கொடுத்தாலும் பழைய ரிவிஷனும் அதே 'லேட்டஸ்டை'த்தான் காட்டும். திரும்பிப் போக இடமே இருக்காது. கமிட் ஐடியை டேகாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மினிக்யூபில் இன்று இரவே பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆப்பின் ரெடினெஸ் பாத்தை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்து அப்ளை பண்ணுங்க. பழைய பாட், புது பாட் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிற்கும். அந்த நேரத்துல டேட்டாபேஸ்ல ரெண்டில் எது எழுதுதுன்னு லாக்ல தேடிப் பாருங்க.