பத்தாவது கேள்வி



போன செமஸ்டரில் எங்கள் குழு எடுத்த புரோஜெக்ட், கர்ப்பிணிப் பெண்களின் மனநலத்துக்கு உதவும் ஒரு கைப்பேசிச் செயலி. இரண்டே வாரத்தில் முதல் வடிவம் ரெடி. தினமும் சிரித்த முகம், அழுத முகம் இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும். ஏழு நாள் விடாமல் தொட்டால் ஒரு நட்சத்திரம். ஒரு நாள் விட்டால் மறுபடி முதலிலிருந்து.

அப்போது என் அக்காவுக்கு ஏழாவது மாதம். அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். நாலாம் நாளோடு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

"ராத்திரி பூரா தூக்கமில்லடா தம்பி. காலையில உன் ஆப் நட்சத்திரம் போச்சுன்னு சொல்லுது. இதுலயும் நான் ஃபெயிலா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கர்ப்பிணிகளில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும், அண்மையில் பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கும் மனநலப் பாதிப்பு உண்டு. பெரும்பாலும் அது மனச்சோர்வு. நம் வீடுகளில் "வயித்துப் பிள்ளைக்காரி அப்படித்தான் இருப்பா" என்று விட்டுவிடுகிறோம்.

இதைக் கண்டறிய உலகமெங்கும் பயன்படுவது 1987-இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோல். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30. கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் கேட்கும். பிரசவத்துக்குப் பிந்திய காலத்துக்காக உருவானாலும் கர்ப்ப காலத்திலும் பயன்படுத்துகிறார்கள். களைப்பு, பசி பற்றி இதில் கேள்வி கிடையாது. கர்ப்பத்தில் அவை எப்படியும் மாறும். புள்ளி கூடினால் நோய் என்று முடிவு செய்யக்கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

செயலியைத் திருத்தி எழுதியபோது நாங்கள் கற்றுக்கொண்டவை:

1. தண்டிக்கக்கூடாது. நட்சத்திரத்தை எடுத்துவிட்டோம். பத்து நாள் கழித்துத் திறந்தாலும் "வாங்க" என்றுதான் சொல்லும்.

2. கேள்வியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. சொல் மாறினால் புள்ளிக்கு மதிப்பில்லை. ஆய்வு செய்து சரிபார்த்த தமிழ், மலாய் மொழிபெயர்ப்புகளையே பயன்படுத்த வேண்டும். மற்றப் பக்கங்களில் "மனசு பாரமா இருக்கா?" என்று வீட்டுப் பேச்சிலேயே எழுதலாம்.

3. ரகசியம் காக்க வேண்டும். போன் மேசைமேல் கிடக்கும், மாமியார் கண்ணில் படும். ஆகவே அறிவிப்பில் "மனச்சோர்வு" என்ற சொல்லே வரக்கூடாது. ஃபுளோ என்ற செயலி, ரகசியம் காப்பதாகச் சொல்லிவிட்டுப் பெண்களின் உடல்நலத் தகவலை முகநூல், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குத் தந்ததாக அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2021-இல் குற்றம் சாட்டியது. நாங்கள் பதில்களைப் போனைவிட்டு வெளியே அனுப்புவதில்லை.

இதெல்லாம் முடித்து, பெருமையோடு அக்காவின் கிளினிக் மிஸ்ஸியிடம் காட்டினேன். அவர் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போனார். தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்பது அதுதான்.

"தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பொண்ணு இதுக்கு 'ஆமா'ன்னு தொட்டா உங்க ஆப் என்ன செய்யும்?"

தொட்டுக் காட்டினேன். "நன்றி! உங்கள் புள்ளி 8" என்று வந்தது. மொத்தம் குறைவு என்பதால் பச்சை நிறத்தில். மிஸ்ஸி ஒன்றும் சொல்லவில்லை. நான் போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றிரவே மாற்றினோம். பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்தப் புள்ளியைப் பார்க்காது. ஒரே திரை, மூன்று பொத்தான்: அவரே முன்கூட்டித் தேர்ந்தெடுத்த ஒருவர், 24 மணி நேரமும் பேசும் பிஃப்ரண்டர்ஸ் 03-7627 2929, அவசரம் என்றால் 999.

அக்காவும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். பத்தாவதுக்குப் பூஜ்யம்தான். ஆனால் மொத்தம் 14. அம்மாவும் நானும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரிடம் அரை மணி நேரம் பேசினார். திரும்பி வரும்போது காரிலேயே தூங்கிவிட்டார். இப்போது தொடர்ந்து ஆலோசனைக்குப் போகிறார்.

எங்கள் செயலி அவரைக் குணப்படுத்தவில்லை. பேச வேண்டிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஆசைப்படும் செயலியை இப்போது நான் நம்புவதில்லை.

அடுத்த முறை வளைகாப்புக்குப் போனால், "குழந்தை எப்படி இருக்கு?" என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் "அக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள்.

வகுப்பில் கலந்து பேச:
- உங்கள் வீட்டில் ஒரு கர்ப்பிணி இரவில் யாரை அழைப்பார்? அந்த ஆளுக்கு அது தெரியுமா?
- "கோயிலுக்குப் போனா சரியாகிடும்" என்பதோடு நிறுத்தாமல், கோயிலுக்கும் கிளினிக்குக்கும் கூடவே போக யார் தயார்?