ஆமாம் சொல்லப் பல்கலைக்கழகம் எதற்கு?

புந்தோங், ஈப்போ

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேராக்கில் அரிய மண் கனிமம் எடுப்பதைப் பற்றி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழில்நுட்பக் குழுவுக்கு உன்னை அழைத்திருக்கிறார்கள், போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். "போய் உட்கார், கையெழுத்தைப் போடு, பதவி உயர்வுக்கு ஆகும்" என்கிறாராம் உன் துறையில் மூத்தவர் ஒருவர். "அது ரப்பர் ஸ்டாம்ப் குழு, பேர் கெட்டுப்போகும்" என்கிறாளாம் உன் தோழி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி இரண்டு பக்கமும் இழுபடுவது இயல்புதான்.

என் பதில்: போ. ஆனால் தலையாட்டப் போகாதே. புத்ராஜெயாவில் ஆமாம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை, அதற்கு ஒரு பல்கலைக்கழகத்தை நடத்தி, உனக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டியதில்லை. "இந்தக் கணக்கு இடிக்கிறது, இன்னொரு முறை பாருங்கள்" என்று ஆதாரத்தோடு சொல்லத்தான் உன்னைப் போன்றவர்கள் தேவை. அந்தச் சொல் வராமல் போனால் என்ன ஆகும், வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஈப்போவிலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. உனக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். முழுவதும் தெரிந்துகொண்டு போ.

முதல் கதை புக்கிட் மேரா. நம் புந்தோங்கிலிருந்து மெங்லெம்புவைத் தாண்டினால் அந்த ஊர். ஈயம் கழுவியபின் மிஞ்சும் அமாங் மணலில் மோனசைட் இருக்கிறது. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்க 1982-ல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை அங்கே தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு அதில் 35 விழுக்காட்டுப் பங்கு. மோனசைட்டில் தோரியமும் உண்டு. அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அந்தக் கழிவை எங்கே போடுவது என்று ஆலை தொடங்கும்போது தீர்மானமாகவில்லை. முதலில் பாரிட் என்றார்கள், பிறகு பாப்பான் என்றார்கள். பாப்பான் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1985 ஜனவரியில் கிளெடாங் மலைத்தொடருக்கு மாற்றுவதாக அரசாங்கம் அறிவித்தது.

அதே ஆண்டு ஊர்மக்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆலை பாதுகாப்பானது என்று அரசாங்கத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, மக்களின் கையில் இருந்த அளவீடு ஜப்பானிலிருந்து வந்த மரபணுவியலாளர் சதாவோ இச்சிகாவா எடுத்தது. ஆலையை ஒட்டிய திறந்த வெளியில் கதிர்வீச்சு அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருப்பதை அவர் காட்டினார். குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தவர் டாக்டர் ஜெயபாலன். கனடாவிலிருந்து கதிர்வீச்சு ஆய்வாளர் ரோசலி பெர்டெல் வந்தார். மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான மீனாட்சி ராமன், விசாரணை தொடங்கிய சில வாரங்களில், 1987 அக்டோபரில், அரசாங்கத்தின் ஓப்ஸ் லாலாங் கைது நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆலைத் தரப்பு நிபுணர்களின் சாட்சியமே நம்பத்தக்கது, மக்கள் முதலில் அணுசக்தி உரிம வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்பவை அது சொன்ன காரணங்கள். சட்டப்படி ஆலை வென்றது. ஆனாலும் 1994 ஜனவரியில் தானாகவே கடையைக் கட்டியது. துப்புரவுச் செலவு 10 கோடி அமெரிக்க டாலர் அளவுக்குப் போனதாக 2011-ல் செய்தி வந்தது. கழிவு கிளெடாங் மலைத்தொடருக்குள் இருக்கிறது. என் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற அதே மலை.

இந்த வழக்கை நல்லவர் கெட்டவர் கதையாகப் படிக்காதே, ஓர் ஆய்வாளரின் கண்ணால் படி. அந்த மண்ணும் தண்ணீரும் ஆலை வருவதற்கு முன் எப்படி இருந்தன என்ற பதிவு மக்களிடம் இல்லை. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய உத்தரவே 1987-ல்தான் பிறந்தது. ஆகவே இந்தக் குழந்தைக்கு நோய் வந்தது ஆலையாலா, வேறு காரணத்தாலா என்று நீதிமன்றத்தில் கேட்டபோது இரண்டு பக்கமும் நிபுணர்களை நிறுத்தி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஊருக்குப் பக்கத்தில் யாருக்கும் கடன்படாத ஓர் ஆய்வுக்கூடம் முதல் நாளிலிருந்து அளந்து வைத்திருந்தால், மக்களும் தப்பியிருப்பார்கள், அரசாங்கமும் தப்பியிருக்கும், மிட்சுபிஷிகூடக் காசு மிச்சம் பிடித்திருக்கும்.

இரண்டாவது கதையில் பல்கலைக்கழகம் பேசியது. 1998 செப்டம்பர் வாக்கில் கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலும் நினைவிழப்புமாக விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சுகாதாரத் தரப்பு முடிவு கட்டியது. கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. பன்றி வியாபாரத்தோடு நெகிரி செம்பிலானுக்கும் போனது.

கணக்கு அப்போதே இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவது குழந்தைகளை, இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது, இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே நோய் வந்தது. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் குரைப்பதுபோல் இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியர் லாம் சாய் கிட்டின் குழுவில் இருந்த சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் மாதிரியைச் செல் வளர்ப்புக் குடுவையில் இட்டு, நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகிப் பெரிய திட்டுகளாயின. எதிர்பார்த்த கிருமியின் போக்கு அது இல்லை. மாதிரியைக் கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது புதிய வைரஸ் ஒன்று. அதற்குத்தான் நிப்பா என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் பாதையை மாற்றிப் பன்றிகளை அழிக்க இறங்கியது. சுமார் 11 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன, நோய் நின்றது. அதற்குள் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்திருந்தார்கள். பண்ணைத் தொழிலாளர்களின் வயதையும் வேலையையும் முதல் மாதத்திலேயே ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தால் அந்த எண்ணிக்கை எங்கே நின்றிருக்கும் என்று நீயே யோசி.

சுவா சுகாதார அமைச்சை எதிர்த்து ஊர்வலம் போகவில்லை. அமைச்சு சொன்னதையே திருப்பிச் சொல்லவும் இல்லை. பொருந்தாததை விடாமல் பார்த்தார், உலகம் ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சான்றைத் திரட்டினார். குழுவில் உன் வேலையும் அதுதான்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உலு பேராக்கில், கெனெரிங்கில், 2022-ல் தொடங்கிய முன்னோடித் திட்டம் புக்கிட் மேராவின் மறுபதிப்பு அல்ல. இது களிமண்ணில் ஒட்டியிருக்கும் கனிமம். மோனசைட்டில் இருந்த அளவுக்குத் தோரியம் இதில் இல்லை. "புக்கிட் மேரா மறுபடியும் வருகிறது" என்று யாராவது மேடையில் முழங்கினால், அது தப்பு என்று சொல்லும் தைரியமும் உனக்கு வேண்டும். கைதட்டு கிடைக்காது. பரவாயில்லை. இதில் பயப்பட வேண்டியது வேறு. குன்றுக்குள் அமோனியம் சல்ஃபேட் போன்ற உப்புக் கரைசலைச் செலுத்திக் கனிமத்தை வெளியே எடுக்கிறார்கள். கரைசல் கசிந்தால் ஓடைக்குப் போகும், ஓடை பேராக் ஆற்றுக்குப் போகும். கோலகங்சார் முதல் தெலுக் இந்தான் வரை கரையில் இருப்பவர்கள் இதைக் கேட்க உரிமை உள்ளவர்கள். சுத்திகரிக்காத அரிய மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை என்று 2023-ல் அரசாங்கம் அறிவித்தது. ஆலைகளும் இங்கேயே வரவேண்டும் என்பது அதன் கணக்கு. அப்படியானால் இன்னும் பல குன்றுகள் வரிசையில் நிற்கும். தோண்டாத குன்றின் ஓடையில் இன்றே மாதிரி எடு. மேற்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, மழைக்காலத்தில், வெயில் காலத்தில். அமோனியா, சல்ஃபேட், அமிலத்தன்மை, உலோகங்கள். பெரிய கருவி வேண்டாம், விடாப்பிடி வேண்டும்.

இதற்கு மானியம் கிடைக்காது என்பாய். தெரியும். எஃப்.ஆர்.ஜி.எஸ். ஆராய்ச்சி மானியம் சில வருஷத்தில் முடியும். துறைத்தலைவர் கேபிஐ இலக்கு கேட்பார், ஆராய்ச்சியை மதிப்பிடும் மைரா மதிப்பெண் கேட்பார். 2006-ல் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத் தகுதி கொடுத்த பிறகு, பெரிய இதழில் வரும் கட்டுரைக்கு இருக்கிற மவுசு ஓடைத்தண்ணீர்ப் பதிவேட்டுக்கு இல்லை. பணம் யாருடையதோ கேள்வியும் அவருடையது என்பது பழைய கதை. 1925-ல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது ஏற்றுமதி ரப்பர் மீது போட்ட வரிப்பணத்தில். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தின் பெயர் பால் வெட்டிய உன் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். ரப்பருக்காக வந்த பணம் ரப்பரைப் பற்றிக் கேட்டது. பால் வெட்டித் தேய்ந்த பாட்டியின் முழங்காலைப் பற்றிக் கேட்க வேறு பணம் வேண்டும், வேறு ஆள் வேண்டும். ஆகவே மானியத்தில் நடக்கிற பெரிய ஆய்வுக்குப் பக்கத்தில் உன் சொந்தக் கேள்வி ஒன்றைச் சிக்கனமாக ஓட்டிக்கொண்டே இரு. இளங்கலை மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டங்களை ஒரே ஓடையில் வருஷாவருஷம் வைத்தால் பத்து ஆண்டில் நாட்டில் வேறு யாரிடமும் இல்லாத பதிவேடு உன் கையில் இருக்கும்.

குழுவில் சேருமுன் தாள்களைப் படி. நீ கையெழுத்துப் போட்ட 'சுராட் அக்கு ஜான்ஜி' உறுதிமொழி, பல்கலைக்கழக ஊழியர்களையும் கட்டுப்படுத்தும் 605-ஆம் சட்டம், இரண்டும் நீ வெளியில் பேசுவதற்கு வேலி போடுகின்றன. வேலி எங்கே என்று தெரிந்தவரால்தான் எது வேலிக்கு இந்தப் பக்கம் என்று சொல்ல முடியும். 1997 புகைமூட்டத்தில் நாடே இருமிக்கொண்டிருந்தபோது, கல்வியாளர்கள் அதைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்று உத்தரவு வந்தது. சுற்றுப்பயணிகள் வராமல் போவார்கள் என்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடும் மறைக்கப்பட்டு, 2005 ஆகஸ்ட் புகைமூட்டத்தின்போதுதான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. எண்ணை ஒளித்ததால் யாருடைய நெஞ்சும் சுத்தமாகவில்லை, சுற்றுப்பயணிகளும் மூக்கை வைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

தனியாக நிற்காதே என்றும் சொல்லவேண்டும். 2009 பேராக் ஆட்சி நெருக்கடி பற்றிச் சட்ட விரிவுரையாளராகக் கருத்துச் சொன்ன மலாயாப் பல்கலைக்கழகத்தின் அஸ்மி ஷாரோம் மீது 2014-ல் தேசநிந்தனைக் குற்றச்சாட்டு வந்தது. மாணவர்களும் சக ஆசிரியர்களும் வளாகத்தில் கூடி அவர் பக்கம் நின்றார்கள். 2016-ல் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆட்சி மாறிய பின் 2019-ல் அவரே தேர்தல் ஆணையத்தின் துணைத் தலைவர் ஆனார். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் போன பிறகும் உன் சொல் நிற்கிற மாதிரி பேசு. உன் துறை சாராத இடத்தில் அபிப்பிராயம் சொல்லாதே. சொல்வதை இன்னும் இரண்டு பேர் பார்த்து ஒப்பிய பிறகு சொல்.

முடிவுகளை முதலில் பொறுப்புள்ள இலாகாவுக்குக் கொடு, அது மரியாதை. அங்கேயே நின்றுவிடாதே. ஓடைக்கரை மக்களுக்கு மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. பயமுறுத்தாதே, பூசி மெழுகாதே. "இது தெரியும், இது தெரியாது, அடுத்து எப்போது அளப்போம்" என்று மூன்று வரி போதும். அவர்கள் சொல்வதையும் குறித்துக்கொள். எந்த மாதத்திலிருந்து மீன் குறைந்தது என்பது வலை போடுபவருக்குத் தெரிந்த அளவு எந்த ஆய்வுக்கூடத்துக்கும் தெரியாது.

பல்கலைக்கழகம் கூட்டரசின் பணத்தில் ஓடுகிறது, எப்படிக் குறுக்கே பேசுவது என்று கூசுகிறாய். அந்தப் பணம் யாருடையது? 1950-களில் பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நூல்கள் வாங்கத் தோட்டத்து மக்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளில் பலர் அந்தப் படியேறமாட்டார்கள் என்று தெரிந்தே கொடுத்தார்கள். இன்றைக்கும் நம் புந்தோங் தெருவில் கச்சான் பூத்தே பொட்டலம் போடுபவர்வரை வரி கட்டுகிறார்கள். நீ கணக்குக் காட்ட வேண்டியது அவர்களுக்கும்தான்.

ஆகவே ஒப்புதல் கடிதத்தில் மூன்று நிபந்தனைகளை எழுது. குழுவுக்கு வரும் மூல அளவீடுகளை எண்ணெண்ணாகப் பார்க்க வேண்டும். உன் மாறுபட்ட கருத்து கூட்டக் குறிப்பில் உன் பெயரோடு பதிவாக வேண்டும். உன் சொந்த மாதிரிகளின் முடிவுகளை 'சுலிட்' என்ற இரகசிய முத்திரை இல்லாமல் வெளியிடும் உரிமை உன்னிடமே இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் போய் உட்கார், உழை. மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வை, அதுவும் ஒரு தரவு. எது நடந்தாலும் அடுத்த மழைக்கு முன் ஓடைக்குப் போய்விடு.

அன்புடன்,
உன் பழைய வேதியியல் வாத்தியார்