கட்டத்தாளும் தறிக் கணக்கும்

பெரும்பாக்கத்துத் தெருக்களில் மார்கழி வைகறையிற் கோலமிடும் பெண்டிர் முதலிற் கோட்டை இழுப்பதில்லை, புள்ளியையே வைக்கின்றனர். திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டர் சதுரமாக நாற்று நடும் உழவரும் கயிறு பிடித்த பிறகே வயலில் இறங்குகின்றனர். தறிக்கு வடிவம் வரையும் நாமோ தாளைக் கண்டதும் பூவை வரையத் தொடங்கிவிடுகிறோம்.

பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார் என்பார் 1804-இல் அமைத்த பொறியின் வழிவந்ததே நமது ஜக்கார்டு பெட்டி. கட்டத்தாளில் ஒரு நெடுவரிசை ஒரு பாவிழை. ஒரு கிடைவரிசை ஓர் ஊடை, அதற்கு ஓர் அட்டை. பாவிழை உயர வேண்டிய கட்டத்துக்கு அட்டையில் ஒரு துளை. இவ்வளவே அதன் மொழி.

இடர் எங்கே நேர்கிறது? அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 60 எனக் கொள்வோம். சதுரக் கட்டத்தாளில் அகலம் 40, உயரம் 40 கட்டமாக வட்டம் வரைந்தால், துணியில் அது அரை அங்குல அகலமும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரமும் கொண்ட முட்டையாகும். உயரத்தை 30 கட்டமாகக் குறைத்தல் வேண்டும். அல்லது ஒரு சதுரத்துள் பாவுக்கு 8 பிரிவும் ஊடைக்கு 6 பிரிவும் உள்ள தாளைக் கொள்ளலாம். இதனை மறந்து நாம் ஒருமுறை முந்தானை மாங்காய்க்கு 240 அட்டை அடித்துத் தறியேற்றினோம். 180 போதுமானது. மாங்காய் புடலங்காயாயிற்று, அட்டைக் கூலியும் தறி நின்ற நாட்களின் கூலியும் போயின. கணிப்பொறியில் வரைவோர்க்கும் இக்கணக்கு விலக்கன்று.

அகலத்துக்கும் வரம்புண்டு. 120 கொக்கிப் பெட்டியில் 60, 40, 30 கட்டப் பூக்கள் மிச்சமின்றி அடங்கும். 50 கட்டப் பூ அடங்காது, 20 இழை வெறுமனே நிற்கும்.

வரம்பு கற்பனையைக் கட்டிப்போடும் என்பாருடன் நாம் உடன்படோம். 60 கட்டப் பூவை அடுத்த வரிசையில் 30 கட்டம் தள்ளிவைத்துப் பாருங்கள். செங்கல் அடுக்கியதுபோல் உடல் முழுதும் புதிதாய்த் தோன்றும். பாலும் பழமும் சேலையில் சிவப்பும் வெள்ளையும் அன்றி வேறென்ன உண்டு? அச்சுத்துறையிலும் இதுவே: சுவிட்சர்லாந்தின் முல்லர்-புரோக்மன் 1981-இல் பக்க அமைப்புக்கான கட்டமுறை பற்றித் தனிநூலே எழுதினார்.

வடிவம் கொணரும் அங்கத்தினர் இனித் தாளின் ஓரத்திலேயே பாவெண், ஊடையெண், கொக்கியெண் மூன்றையும் எழுதிக் கொணர்க. அட்டை அடிக்குமுன் நூற்பிரிவினை நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.