பட்டுப்பூச்சியின் நாட்காட்டி

நமக்கு நாட்காட்டி உண்டு, கடிகாரம் உண்டு, நேரம் தவறாமல் ஒலிக்கும் பள்ளி மணியும் உண்டு. இவை ஏதுமில்லாத பூச்சிகள் குளிர்காலம் வரப்போவதை எவ்வாறு அறிகின்றன? பகலின் நீளத்தைக் கொண்டுதான்! வெப்பம் ஏமாற்றக்கூடும், கோடையிலும் குளிர்ந்த நாள்கள் உண்டு. பகலின் நீளமோ ஓர் ஊரில் ஆண்டுதோறும் அதே தேதியில் மாறாதிருக்கும். இதற்குப் பட்டுப்பூச்சியைச் சான்றாகக் காண்போம்.

ஜப்பானில் ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் பட்டுப்பூச்சி இனங்கள் உள்ளன. அவற்றின் புழுக்களுக்கு உணவு மல்பெரி இலை. குளிர்காலத்தில் அம்மரம் மொட்டையாக நிற்கும். அப்போது முட்டை பொரித்தால் இளம்புழுக்கள் பட்டினியால் மடியும். ஆகவே குளிர்காலத்திற்கு முன் இடப்படும் முட்டைகள் வசந்தம் வரும்வரை உறங்கியாக வேண்டும்.

இதை முடிவு செய்வது தாய்ப்பூச்சியே. அதுவும், தான் முட்டைக்குள் கருவாக இருந்தபோதே! ஜப்பானிய அறிஞர் கொகுரே 1933-ஆம் ஆண்டில் இதை விரிவாக விளக்கினார். நீண்ட பகலையும் வெப்பத்தையும் உணர்ந்த கரு, பின்னர் தாயாகி இடும் முட்டைகள் உறங்கும். குறுகிய பகலையும் குளிர்ச்சியையும் உணர்ந்த கருவோ, பின்னர் உறங்காத முட்டைகளை இடும். அவை சுமார் 10 நாள்களில் பொரிக்கும்.

நீண்ட பகலுக்கு உறக்கமா என நீங்கள் வியக்கலாம். சற்று எண்ணிப் பாருங்கள். வசந்தத்தில் வளரும் கரு, தாயாகும்போது கோடை, இலைக்குப் பஞ்சமில்லை. கோடையில் வளரும் கரு, தாயாகும்போது குளிர்காலம் நெருங்கிவிடும். கணக்கு எவ்வளவு சரி!

இச்செய்தி முட்டையைச் சேர்வது எப்படி? ஹார்மோன் மூலமாகத்தான். பெண்பூச்சி கூட்டுப்புழுவாக இருக்கையில், உணவுக்குழலின் அடியிலுள்ள நரம்பு முடிச்சு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் கலந்து, சூலகத்தில் வளரும் முட்டைகளை அடைந்து அவற்றை உறக்கத்திற்கு ஆயத்தம் செய்கிறது. குறுகிய பகலைக் கண்ட பூச்சியின் மூளை இச்சுரப்பைத் தடுத்துவிடுகிறது. ஹசேகாவா, ஃபுகுடா என்னும் இரு அறிஞர்கள் தனித்தனியே ஆராய்ந்து, இந்நரம்பு முடிச்சின் பங்கை 1951-இல் வெளியிட்டனர். உறங்கா முட்டையிடும் கூட்டுப்புழுவின் உடலில் அம்முடிச்சை எடுத்துப் பதித்தபோது, அது உறங்கும் முட்டைகளை இட்டது!

உறங்கும் முட்டை சில நாள்களில் கருமை நிறம் பெறும். உறங்காதது வெளிர்மஞ்சளாகவே இருக்கும். பட்டு வளர்ப்போர் குளிர்பதனத்தாலும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்தும் இவ்வுறக்கத்தைக் கலைக்கின்றனர். கடுங்குளிர் அறியாத நம் தென்னகத்தின் மைசூர் இனத்திற்கோ இத்தகைய உறக்கமே இல்லை. ஆண்டு முழுதும் அது தலைமுறை தலைமுறையாய்ப் பெருகும்.

தாய்ப்பூச்சி உணவு உண்பதில்லை. நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுச் சில நாள்களில் மடிகிறது; தன் பிள்ளைகளை அது காண்பதே இல்லை. எனினும் அவை கண்விழிக்க வேண்டிய காலத்தை முன்னரே குறித்து வைத்துவிட்டுப் போகிறது. இனிப் பட்டாடையைத் தொடும்போது அந்தச் சிறு தாயையும் நினைப்போமாக!